தீபாவளி ஞாயிற்றுக்கிழமை, கையில் விடுப்பு குறைவு: இப்போதே எதையெல்லாம் தொடங்கணும்?

கேள்வி: நெல்லை மருமகள்

வணக்கம் தோழிகளே. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதனால் அலுவலகத்தில் பண்டிகைக்கென்று தனியாக ஒரு நாள் கிடைக்காது. சென்னையில் ஐடி வேலை, அமெரிக்க கிளையண்ட், தினமும் இரவு 9 மணிக்கு கால். கணவருக்கும் அலுவலக வேலைதான். பெரியவனுக்கு 8 வயது, சின்னவளுக்கு 3, அவள் டே கேரில் இருக்கிறாள்.

பண்டிகை திருநெல்வேலியில், மாமனார் வீட்டில். அத்தைக்கு மூட்டுவலி, அடுப்படியில் நிற்க முடியாது. அதனால் பலகாரம் இங்கிருந்து போக வேண்டும். கேதார கௌரி நோன்பு எடுக்கும் குடும்பம், அதிரசத்தைத் தவிர்க்க முடியாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் அந்த வாரம் ஊருக்குப் போய்விடுவார்.

எனக்குத் தெரிய வேண்டியது: டிக்கெட் எந்தத் தேதியில் எடுப்பது, எந்த நாள் விடுப்பு போடுவது, எந்தப் பலகாரத்தை எந்த வாரம் செய்வது, எதைக் கடையில் வாங்கிவிடலாம். இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பதால் இப்போதே கேட்கிறேன்.

பதில் 1: பணிமேசை

நல்ல நேரத்தில் கேட்டிருக்கீங்க சகோதரி. விடுப்பையும் டிக்கெட்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும், ஒன்றை முடிவு பண்ணாமல் இன்னொன்று நகராது.

ரயில் முன்பதிவு பயண நாளைக் கழித்து 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். வெள்ளி, நவம்பர் 6 இரவு கிளம்புவதென்றால் செப்டம்பர் 7, திங்கட்கிழமை. திங்கள், நவம்பர் 9 திரும்புவதென்றால் செப்டம்பர் 10, வியாழன். இந்த இரண்டு காலையும் 7.45 முதல் 8.30 வரை எந்த மீட்டிங்கும் இல்லாமல் காலண்டரில் அடைத்து வையுங்க. நெல்லை எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டிகளில் தீபாவளிக்கு முந்தைய வெள்ளி சில நிமிஷங்களில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும்.

அன்று காலையில் தடுக்கி விழுவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் இணைப்பு முடிந்திருக்கணும், திறக்கும் நேரத்தில் முன்னுரிமை அந்தக் கணக்குகளுக்குத்தான். பயணிகள் பட்டியலை முந்தின நாளே சேமித்து வைத்தால் பெயர், வயசு தட்டும் நேரம் மிச்சம். நீங்க ஒரு கணக்கில், கணவர் இன்னொரு கணக்கில், வேறு வேறு வண்டிக்கு முயற்சி பண்ணுங்க. பெரியவனுக்குத் தனி பெர்த் வேணும்னா முழுக் கட்டணம். 5 வயசுக்குக் கீழே இருப்பதால் சின்னவளுக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் பெர்த்தும் கிடையாது. லோயர் பெர்த் ஒன்றாவது கிடைக்கிற மாதிரி கேளுங்க. ஓஎம்ஆர் பக்கம் அலுவலகம் என்றால் ஏறும் இடத்தைத் தாம்பரம்னு போடுங்க. அந்த வெள்ளி சாயங்காலம் எழும்பூர் வரை போய்ச் சேருவதே ஒரு பயணம்.

தட்கலை நம்பி இருக்காதீங்க. முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர், இரண்டுமே உங்க வேலை நேரத்தில் வரும். உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. நேரடி வண்டி கிடைக்கவில்லை என்றால் மதுரை வரை ரயில், அங்கிருந்து பஸ் என்பது நல்ல மாற்று. காலையில் மதுரையில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு நெல்லை போய்விடலாம்.

திரும்பும் டிக்கெட்டைப் போடுவதற்கு முன்னால் அத்தையிடம் ஒன்று கேட்டுக்கோங்க. இந்த வருஷம் அமாவாசை ஞாயிறும் திங்களுமாக வருகிறது. நோன்பு எந்த நாள் என்பது அவங்க வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது. ஞாயிறு என்றால் திங்கள் காலை திருநெல்வேலியிலிருந்து கிளம்பும் வந்தே பாரத்தில் வாங்க. 8 மணி நேரத்துக்குள் எழும்பூர். துணி துவைக்க, மறுநாள் பள்ளிக்கு எடுத்து வைக்க ஒரு சாயங்காலம் கிடைக்கும். திங்கள் இரவு வண்டியில் வந்து செவ்வாய் காலை நேராக லாகின் பண்ணும் திட்டம் காகிதத்தில் செவ்வாய் விடுப்பை மிச்சப்படுத்தும். 3 வயசுப் பிள்ளையோடு அது நடக்காது. நோன்பு திங்கள் என்றால் செவ்வாய்க்கும் சேர்த்து விடுப்பு போட்டுவிடுங்க.

விடுப்புச் சட்டம் பற்றிச் சுருக்கமாக: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி 12 மாதப் பணி முடித்தவருக்கு வருஷத்துக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு, அதோடு 12 தற்செயல், 12 மருத்துவ விடுப்பு. 1958-ஆம் வருஷத்து தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் 9 நாள் தருகிறது. பண்டிகை விடுமுறையில் வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. ஷிஃப்டில் இருப்பவர்கள் இதைத் தயங்காமல் கேட்கலாம். உங்களுக்கு ஞாயிறு ஏற்கெனவே வார விடுமுறை என்பதால் மாற்று நாள் கிடைப்பது உங்க நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது, ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்க.

கிளையண்ட் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கு. நவம்பர் 1 அன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பாங்க. அவங்க நேரத்துக்குப் போட்டிருக்கும் உங்க 9 மணி கால் தானாகவே 10 மணிக்குப் போய்விடும், அதுவும் தீபாவளிக்கு முந்தைய அதே வாரத்தில். அக்டோபர் தொடக்கத்திலேயே "நவம்பர் முதல் வாரத்திலிருந்து கால் நேரத்தை உங்கள் கடிகாரப்படி ஒரு மணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்வோம்" என்று கேட்டு மாற்றிவிடுங்க. விடுப்பையும் அந்த மெயிலிலேயே சொல்லுங்க. குழுவில் எல்லாரும் தமிழர்களாக இருந்தால் யாராவது ஒருத்தர் சப்போர்ட்டுக்கு இருந்துதான் ஆகணும். நவம்பர் 26 தேங்க்ஸ்கிவிங் வாரத்தையோ கிறிஸ்துமஸையோ நான் பார்த்துக்கறேன்னு செப்டம்பரிலேயே பேசி மாற்றிக்கோங்க. அக்டோபர் கடைசியில் கேட்டால் யாரிடமும் கொடுக்க நாள் மிச்சம் இருக்காது.

பதில் 2: அடுக்களைக் கணக்கு

பலகாரத்துக்கு நான் வர்றேன். நல்ல சேதி ஒன்று: இந்த வருஷம் அக்டோபர் 19 திங்கள் ஆயுத பூஜை, 20 செவ்வாய் விஜயதசமி. சனி ஞாயிறோடு சேர்த்தால் 4 நாள், உங்க அலுவலகம் செவ்வாய் விடுமுறை தராவிட்டாலும் 3 நாள். தீபாவளிக்குச் சரியா மூணு வாரம் முன்னால். பண்டிகை வேலையில் பாதி அங்கேயே முடியணும்.

நாலு பேர் ரயிலில் தூக்கிக்கிட்டுப் போற அளவுக்கு மூணு பலகாரம் போதும்: தேன்குழல், மாலாடு, அதிரசம். மிக்சர், காராசேவு, பால் இனிப்பு எல்லாம் நெல்லையிலேயே வாங்குங்க. அல்வாவுக்குப் பேர் போன ஊருக்கு இங்கிருந்து மைசூர்பாகு கிளறிக்கொண்டு போக வேண்டிய அவசியம் கிடையாது. பாகுப் பதம் ஒரு நிமிஷம் தப்பினாலும் கல்லாகிற பண்டத்தை வேலை நாள் ராத்திரியில் தொடவே கூடாது. தீபாவளி லேகியமும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிடுங்க.

அந்த அக்டோபர் விடுமுறையில் செய்ய வேண்டியது உலர்ந்த வேலை மட்டும். 1 கிலோ அரிசி மாவுக்கு 250 கிராம் உளுந்து. உளுந்தை வாசனை வரும் வரை மிதமான தீயில் வறுக்கணும், சிவக்க விட்டால் முறுக்கு கறுத்துப் போகும். ஆறினதும் அரைத்து, நைஸாகச் சலித்து, அரிசி மாவு, எள் அல்லது சீரகம், உப்பு எல்லாம் கலந்து காற்றுப் புகாத டப்பாவில் வையுங்க. வெண்ணெய் இப்ப சேர்க்காதீங்க, சிக்கு வாடை வரும். முறுக்கு அச்சு, எண்ணெய்ச் சட்டி, டின்கள் எல்லாம் இறக்கிக் கழுவிக் காய வைப்பதும் அன்றைக்கே. எண்ணெய், நெய், வெல்லம் வாங்கி வையுங்க. இரண்டாவது சிலிண்டர் நிரம்பி இருக்கான்னு பாருங்க. பொரிக்கிற அன்றைக்குத்தான் கேஸ் தீரும்.

நவம்பர் 1 ஞாயிறு தேன்குழல். 1 கிலோ மாவுக்கு 100 கிராம் வெண்ணெய். மொத்த மாவையும் ஒரே தடவை தண்ணீர் விட்டுப் பிசையாதீங்க. பிசைந்த மாவு நேரம் ஆக ஆகப் புளித்த மாதிரி ஆகி, முறுக்கு சிவந்து எண்ணெய் குடிக்கும். வெண்ணெயைக் கலந்த மாவை நாலாகப் பிரித்து, ஒரு பங்கு பொரியும்போது அடுத்த பங்கைப் பிசையுங்க. ஒரு சட்டியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒருத்தர் பிழிய ஒருத்தர் எடுக்க இருந்தால் சீக்கிரம் முடியும்.

முறுக்கு எண்ணெய் குடித்தால் வெண்ணெய் அதிகம், இல்லாட்டி எண்ணெய் சூடு போதவில்லை. ஒரு சின்ன உருண்டை மாவைப் போட்டுப் பாருங்க, அது அடியில் தங்காமல் உடனே மேலே வரணும், ஆனால் கறுகக் கூடாது. கடிக்கக் கடினமா இருந்தால் வெண்ணெய் குறைவு. அச்சிலிருந்து துண்டு துண்டா விழுந்தால் தண்ணீர் போதவில்லை, கையை நனைத்து இன்னொரு தடவை பிசைந்தால் சரியாகும். எண்ணெயில் சலசலப்பு அடங்கின பிறகுதான் எடுக்கணும். அவசரமா எடுத்த முறுக்கு ரெண்டாம் நாளே நமுத்துப் போகும். முழுசா ஆறின பிறகு டின்னில் அடைத்தால் ரெண்டு வாரம் மொறுமொறுப்பு போகாது.

மாலாடு சுலபம், செவ்வாய் ராத்திரி கால் முடிந்த பிறகுகூட அரை மணியில் முடிக்கலாம். பொட்டுக்கடலை 2 கப், சர்க்கரை ஒன்றரைக் கப், ஏலக்காய் 4, தனித்தனியா பொடித்துச் சலித்துக் கலக்கணும். நெய் முக்கால் கப் வரை பிடிக்கும். மாவை மூணு பங்காப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் அப்பப்போ சூடான நெய்யை ஊற்றிப் பிடியுங்க. மொத்தத்துக்கும் ஒரே தடவை ஊற்றினால் பாதி பிடிப்பதற்குள் நெய் ஆறி, உருண்டை உதிர்ந்துவிடும்.

அதிரசத்தைச் செய்து கொண்டு போகாதீங்க, மாவாகக் கொண்டு போங்க. அந்த மாவு ஒரு வாரம் இருந்தால் சுவை கூடத்தான் செய்யும். நோன்புக்குப் படைக்கிறதை அன்றைக்குக் குளித்துவிட்டுச் சுடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். அக்டோபர் 31 சனிக்கிழமை பாகு வையுங்க.

மாவுப் பச்சரிசி 1 கிலோ, 2 மணி நேரம் ஊற வைத்து வடித்து, நிழலில் துணி மேல் பரப்பணும். 20 நிமிஷத்துக்கு மேல் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருங்க, அரிசி கையில் லேசா ஒட்டணும், ஆனால் தண்ணீர் தெரியக் கூடாது. அரைத்துச் சலித்து, காயாமல் மூடி வையுங்க. வெல்லம் 750 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்க விடுங்க. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் நின்று, விரலால் மெத்தென்று உருட்ட வரணும். உடனே இறக்கி ஏலக்காய், சுக்குப் பொடி போட்டு, ஈர மாவைக் கொஞ்சம் கொஞ்சமா தூவிக் கிளறுங்க. கெட்டி இட்லி மாவு மாதிரி இருக்கும்போதே நிறுத்திடுங்க, ஆற ஆற இறுகும். மேலே நெய் தடவி, துணி கட்டி வெளியிலேயே வைக்கலாம்.

பதில் 3: வைப்பாற்றுக்காரன்

மேலே ரெண்டு பேரும் சொன்னது நூறு சதவீதம் சரி. ஆனால் இத்தனையையும் ஒரே ஆள் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் எந்தத் திட்டமும் நிற்காது. இது உங்க கணவருக்காகவும் எழுதுகிறேன், அவரிடம் காட்டுங்கள்.

"உதவி பண்றேன்" என்பது பயன்படாது. நினைவு வைப்பதும், கேட்பதும், சரிபார்ப்பதும் அப்போது மனைவி பக்கமே நின்றுவிடுகிறது. ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு டிக்கெட்டும் அவர் பொறுப்பு. பட்டாசு, இனிப்பு வாங்குவது, அவர் பக்கச் சொந்தங்களுக்குத் துணிமணி, சிலிண்டர், டே கேர் விடுமுறைப் பட்டியல், எல்லாமே அவருடையது. ஒவ்வொன்றுக்கும் முடிக்கும் தேதியைப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். தேதி போடாத வேலை நவம்பர் 5-ஆம் தேதி இரவு உங்களிடமே திரும்பி வரும். நீங்களும் அவர் எடுத்த துணியின் நிறத்தை மாற்றச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

அத்தையிடம் பேச வேண்டியதும் அவர்தான். "இந்த வருஷம் மூணு பலகாரம்தான்" என்று மருமகள் சொன்னால் குறை சொன்ன மாதிரிக் கேட்கும். மகன் சொன்னால் அது வீட்டு முடிவு. நோன்பு நாளைத் திரும்பும் டிக்கெட் போடும் முன்பே கேட்கட்டும். எத்தனை அதிரசம், அங்கே யார் சுடப்போகிறார்கள் என்பதை எல்லாம் அக்டோபர் முதல் வாரமே போன் பண்ணிப் பேசி முடிக்கட்டும்.

பட்டாசைச் சென்னையில் வாங்கவே வேண்டாம். ரயிலில் கொண்டு போவது குற்றம், ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோவில்பட்டி, சிவகாசி எல்லாம் நெல்லைக்கு வடக்கே பக்கத்தில்தான், அங்கேயே வேண்டிய கடைகள் இருக்கும். வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் சில ஆண்டுகளாக இருக்கிறது. அதனால் ஞாயிறு அதிகாலை எண்ணெய்க் குளியலை 6 மணிக்கு முன்னால் முடிக்கிற மாதிரி பிள்ளைகளைச் சனி இரவு சீக்கிரம் தூங்க வையுங்கள்.

பதில் 4: கார்த்திகைப் பூ

வீட்டு வேலைக்கு வரும் அக்கா பற்றி யாரும் சொல்லலையே. அவங்களும் வேலைக்குப் போற அம்மாதான். ஒரு மாசச் சம்பளம் போனஸ், கூட ஒரு புடவை என்பது நம்ம பக்கம் பல வீடுகளில் வழக்கம். அதை முந்தின நாள் கையில் கொடுக்காதீங்க. அக்டோபர் 20 வாக்கில் கொடுத்துட்டால் அவங்க பிள்ளைங்களுக்குத் துணி எடுக்க நேரம் கிடைக்கும், சீட்டுக்கோ வட்டிக்கோ போக வேண்டியிருக்காது. எந்த நாள் போறாங்க, எந்த நாள் வர்றாங்கன்னு அப்பவே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. பெரிய துடைப்பு வேலை, பரண், ஃபேன், திரைச்சீலை எல்லாம் அந்த ஆயுத பூஜை வாரத்திலேயே, கூடுதல் நேரத்துக்குத் தனியாக் காசு கொடுத்து முடிச்சிடுங்க. நீங்க வீட்டில் இல்லாத தீபாவளிக்குக் கடைசி வாரம் வீடு துடைக்கிறதில் அர்த்தம் இல்லை.

டே கேர் பல இடத்தில் பண்டிகைக்கு முந்தின வெள்ளி அரை நாள்தான் இருக்கும், செப்டம்பரிலேயே கேட்டுடுங்க. 50 பேர் அல்லது அதுக்கு மேல் வேலை பார்க்கிற நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தரணும்னு 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினாங்க. உங்க அலுவலகத்தில் இருந்தால் அந்த வெள்ளிக்கு மட்டும் சேர்க்க முடியுமான்னு பாருங்க. பெரியவன் பள்ளி வெள்ளிக்கிழமை உண்டா என்றும் பாருங்க, நாள்காட்டியில் இல்லாத விடுமுறை கடைசியில் மெசேஜில் வரும்.

ஜாக்கெட் தைக்கக் கொடுப்பது செப்டம்பர் கடைசிக்குள். நவராத்திரி தொடங்கினதும் பல தையல்காரங்க புது ஆர்டரை நிறுத்திடுவாங்க. பிள்ளைங்க ரெடிமேடை ஒரு சைஸ் பெரிசா எடுத்து, உடனே போட்டுப் பார்த்துடுங்க, மாற்ற நாள் இருக்கும்.

நெல்லை மருமகள்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பக்கத்தைக் கணவருக்கும் அனுப்பிவிட்டேன், டிக்கெட்டும் அத்தைக்குப் போனும் அவர் பொறுப்பு. அடுக்களைக் கணக்கு அக்கா, இரண்டு சந்தேகம். பாகு பதம் தவறிவிட்டால் அங்கே போய்ச் சுடும்போதுதான் தெரியுமா? மாவையும் முறுக்கையும் ரயிலில் எப்படி எடுத்துப் போவது?

அடுக்களைக் கணக்கு

அங்கே போய்த் தெரிந்தால் ரொம்பத் தாமதம்மா. செவ்வாய் ராத்திரி மாலாடு பிடிக்கும்போதே ஒரே ஒரு அதிரசம் தட்டிப் பாருங்க, இரண்டு ஸ்பூன் எண்ணெய் போதும். எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்தால் பாகு இளசு. காய்ச்சின பாகை மறுபடி காய்ச்ச முடியாது, அதனால் சலித்த பச்சரிசி மாவை ஒரு கைப்பிடி சேர்த்துப் பிசைந்து ஒரு நாள் விட்டு மறுபடி ஒன்று தட்டிப் பாருங்க. இதுக்காகவே சனிக்கிழமை சலித்த மாவில் ஒரு கப் எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்க. பாகு முற்றிப் போயிருந்தால் மாவு கல் மாதிரி இருக்கும், தட்டும்போது ஓரம் வெடிக்கும். அதுக்கு வெதுவெதுப்பான பால் ஒவ்வொரு ஸ்பூனா தெளித்துப் பிசையணும். ஆனால் பால் சேர்த்த மாவு நாள் தாங்காது, அதை ஊரில் சுடும் நேரத்தில்தான் செய்யணும். இங்கே சோதனைக்கு ஒரு உருண்டையில் மட்டும் செய்து பாருங்க.

எண்ணெய் எப்பவும் மிதமான சூடு. அதிகச் சூட்டில் வெளியே கறுத்து உள்ளே வேகாது. பொரித்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் அழுத்தி எண்ணெயை வடிச்சிடுங்க.

எடுத்துப் போக, மாவுக்கு மூடி இறுகின எவர்சில்வர் தூக்கு. முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, மேலே நெய் தடவி, மூடியைச் சுற்றித் துணி கட்டுங்க. பிளாஸ்டிக் டப்பாவில் நெய்யும் வெல்லமும் கசியும். முறுக்குக்கு உயரமான டின் வேண்டாம், அடியில் இருப்பது நொறுங்கும். அகலமான டின்னில் மூணு நாலு அடுக்குக்கு மேல் போகாமல், நடுவில் காகிதம் வைத்து, மூடிக்குக் கீழே இருக்கிற காலி இடத்தையும் காகிதத்தால் நிரப்பிடுங்க, ஆடாது. சீட்டுக்கு அடியில் தள்ளாமல் பெர்த் மேலேயே வையுங்க. தீபாவளி காலை இட்லிக்கு மாவை இங்கிருந்து தூக்கிக்கிட்டுப் போக வேண்டாம், சனிக்கிழமை காலை போனதும் அங்கேயே ஊறப் போட்டு மதியம் ஆட்டினால் ஞாயிறு காலைக்குப் புளிச்சு வந்துடும். அத்தையிடம் அரிசி உளுந்து வாங்கி வைக்க மட்டும் சொல்லச் சொல்லுங்க.